லிங்க் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறதா?

கே: ஏ.ஐ. ஏஜென்ட்களால் வரும் ஆபத்து பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அடியில் 42 லிங்க் கொடுத்திருந்தார்கள். இத்தனை ஆதாரம் காட்டுகிறவர் பொய் சொல்வாரா? (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: பொய் சொல்ல வேண்டியதில்லை, படிக்காமல் ஒட்டினாலே போதும். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நெல்சன் லியூ, தியான்யி ஜாங், பெர்சி லியாங் மூவரும், ஆதாரம் காட்டிப் பதில் சொல்லும் அன்றைய ஏ.ஐ. தேடுபொறிகள் நான்கைச் சோதித்தார்கள். பதிலில் வந்த வாக்கியங்களில் 51.5 சதவீதத்துக்குத்தான் முழு ஆதாரம் இருந்தது. கொடுத்த மேற்கோள்களில் 74.5 சதவீதம்தான் பக்கத்திலிருந்த வாக்கியத்தை உண்மையில் ஆதரித்தன. மீதி, ஏறக்குறைய நான்கில் ஒன்று, அழகுக்கு நின்றன. என்னை அதிகம் உறுத்தியது அவர்களின் இன்னொரு முடிவு: படிப்பவர்களுக்குச் சரளமாகவும் பயனுள்ளதாகவும் தோன்றிய பதில்களில்தான் மேற்கோள்கள் பலவீனமாக இருந்தன. ஆகவே 42-ஐ எண்ணாதீர்கள். கட்டுரையில் உங்களை அதிகம் பயமுறுத்திய வாக்கியத்தை எடுங்கள். அதன் லிங்க்கைத் திறந்து, அந்தச் செய்தி அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். பல கட்டுரைகளின் தரம் அந்த ஒரு லிங்க்கிலேயே தெரிந்துவிடும்.

கே: சாட்பாட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காரைக்குடி)

ப: சாட்பாட் பதில் சொல்லும், ஏஜென்ட் காரியம் செய்யும். உங்கள் மெயிலைத் திறக்கும், டிக்கெட் போடும், ஃபைலை அழிக்கும். சாட்பாட் ஏமாந்தால் தப்பான பதிலோடு போகும். ஏஜென்ட் ஏமாந்தால் உங்கள் பெயரில் ஒரு வேலை நடந்து முடிந்திருக்கும். அப்படி ஏமாற்றும் முக்கிய வழிக்கு 2022 செப்டம்பரில் மென்பொருள் உருவாக்குநர் சைமன் வில்லிசன் வைத்த பெயர் ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன். ஏஜென்ட் படிக்கப்போகிற மெயிலுக்குள்ளோ வலைப்பக்கத்துக்குள்ளோ ஒரு கட்டளையை ஒளித்துவைப்பார்கள். நீங்கள் சொன்னது எது, போகிற வழியில் படித்தது எது என்று அதற்கு உறுதியாகப் பிரிக்கத் தெரிவதில்லை. இரண்டும் அதற்கு எழுத்துகள்தான்.

கே: 'க்ரோம் பிரவுசரில் க்ளாட் ஏஜென்ட்டைப் பயன்படுத்துகிறவர்களில் 11 சதவீதம் பேர் ஹேக் ஆகிறார்கள், தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்டது' என்று எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. லிங்க்கைத் தட்டினேன். நிஜமாகவே அந்த நிறுவனத்தின் பக்கத்துக்குத்தான் போகிறது. எண்ணும் அங்கே இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்? (ஐ.டி. ஊழியர், கோவை)

ப: லிங்க்கைத் தட்டிப் பார்த்தீர்களே, அதற்கே முதலில் பாராட்டு. இனி அந்த எண்ணைச் சுற்றியுள்ள பத்தியை நிதானமாகப் படிப்போம்.

க்ளாட்டைத் தயாரித்த ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அந்தப் பக்கத்தை வெளியிட்டது. 29 வகைத் தாக்குதல் சூழல்களை வைத்து 123 சோதனைகளைத் தாங்களே தயாரித்து, தங்கள் ஏஜென்ட் மீது ஏவினார்கள். பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லாதபோது 23.6 சதவீதத் தாக்குதல்கள் பலித்தன. ஏற்பாடுகளைச் சேர்த்த பிறகு அது 11.2 ஆனது. இந்த 11.2-தான் உங்கள் குழுவுக்கு '11 சதவீதம் பேர்' என்று வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பத்தியில் 'பேர்' என்று யாருமே இல்லை. எண்ணப்பட்டவை வேண்டுமென்றே ஏவிய தாக்குதல்கள். பயனர்களை அங்கே யாரும் எண்ணவில்லை. ஒரு சாதாரணப் பயனர் சாதாரண நாளில் எத்தனை தாக்குதலைச் சந்திப்பார் என்பது தனிக் கணக்கு. அதை அந்தப் பக்கம் சொல்லவே இல்லை.

அதே பக்கத்தில் இன்னொரு ஜோடி எண்களும் உண்டு. பிரவுசருக்கே உரிய நான்கு வகைத் தாக்குதல்களை மட்டும் தனியாக எடுத்துச் சோதித்ததில், 35.7 சதவீதமாக இருந்த வெற்றி பூஜ்யமாகக் குறைந்தது. நாளைக்கே ஒருவர் இதே லிங்க்கைக் கொடுத்து 'பிரவுசர் ஏஜென்ட்களை இனி ஏமாற்றவே முடியாது' என்று எழுதலாம். ஒரே பக்கம், எதிரெதிரான இரண்டு கூற்றுகள், இரண்டுக்கும் அது ஆதாரம் இல்லை. பக்கம் உண்மையில் சொல்வது இதுதான்: தயாரிப்பாளரே நடத்திய சோதனையில், தற்காப்புகளைப் போட்ட பிறகும் ஒன்பதில் ஒரு தாக்குதல் பலித்தது. கவலைப்பட அதுவே போதும். மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

கே: கம்பெனி தன் தயாரிப்பைப் பற்றித் தானே எழுதுவதை ஆதாரமாக எடுக்கலாமா? (தொழிற்சங்க உறுப்பினர், ஓசூர்)

ப: தன்னைப் புகழ்ந்து எழுதியிருந்தால் வெளியார் சோதனைக்காகக் காத்திருங்கள். தனக்கே பாதகமாக எழுதியிருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள்.

கே: 'ரான்சம்வேர் தாக்குதல்களில் 80 சதவீதம் ஏ.ஐ.யால் நடக்கிறது: எம்.ஐ.டி. ஆய்வு.' எம்.ஐ.டி. என்றால் நம்பலாம்தானே? (பொறியியல் மாணவி, திருநெல்வேலி)

ப: நிறுவனத்தின் பெயர் ஆதாரம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சமீபத்தில் வரவில்லை. எம்.ஐ.டி. ஸ்லோன் ஆய்வாளர்களும் சேஃப் செக்யூரிட்டி என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வொர்க்கிங் பேப்பர் அது. 2,800 ரான்சம்வேர் சம்பவங்களை, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல்களை, ஆராய்ந்ததாகச் சொன்னது. பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் பியூமான்ட் அதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கடுமையாக எதிர்த்தார். 2017-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேரை நிறுத்திய மார்கஸ் ஹட்சின்ஸும் சேர்ந்துகொண்டார். விமர்சனம் வலுத்ததும் பேப்பர் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

பேப்பரின் உள்ளே போனால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஏ.ஐ.யைப் பயன்படுத்தும் கும்பல்கள் என்று ஆய்வாளர்கள் வகைப்படுத்திய கும்பல்கள் செய்த தாக்குதல்கள்தான் அந்த 80 சதவீதம். ஏ.ஐ.யை எப்போதோ எதற்கோ பயன்படுத்திய கும்பல் செய்யும் தாக்குதல் எல்லாமே ஏ.ஐ. தாக்குதல் ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் தலைப்பிலேயே ஏ.ஐ. இயக்கும் தாக்குதல்கள் என்று போட்டுவிட்டார்கள். தலைப்பை மட்டும் படித்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். பேப்பர் போய்விட்டது, அந்த 80 இன்னும் விளக்கப்படங்களிலும் விற்பனைப் பேச்சுகளிலும் உலவுகிறது. லிங்க் செத்துப்போயிருந்தால், ஏன் செத்தது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கே: எக்கோலீக் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாக மைக்ரோசாஃப்ட் கோபைலட்டிலிருந்து பல கம்பெனிகளின் ரகசியங்கள் திருடு போனதாகச் சொல்கிறார்கள். அந்த ஓட்டைக்கான சி.வி.இ. பதிவு எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். (சைபர் பாதுகாப்பு மாணவர், சென்னை)

ப: எண் நிஜம்: சி.வி.இ.-2025-32711. எய்ம் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு கண்டுபிடித்து 2025 ஜூனில் வெளியே சொன்னது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த தீவிர மதிப்பெண் 10-க்கு 9.3. தந்திரமும் பயங்கரம்தான். தாக்குபவர் ஒரு மெயில் அனுப்பினால் போதும், நீங்கள் அதைத் திறக்கக்கூட வேண்டாம். பிறகு எப்போதாவது கோபைலட்டிடம் நீங்கள் ஏதாவது கேட்கும்போது, அது அந்த மெயிலையும் இழுத்துப் படித்து, உள்ளே இருக்கும் கட்டளைப்படி உங்கள் தகவலை வெளியே அனுப்பும்.

'திருடு போனது' என்பதற்குத்தான் அங்கே இடமில்லை. வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஓட்டையையும் தன் சர்வரிலேயே அடைத்துவிட்டது. எய்ம் லேப்ஸ் காட்டியது இப்படித் திருட முடியும் என்பதை. 9.3 என்பது ஓட்டையைப் பயன்படுத்தினால் விளைவு எவ்வளவு மோசமாகும் என்பதன் அளவு. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பது அதில் இல்லை. பாதுகாப்புச் செய்திகளில் நான் அதிகம் பார்க்கும் தாவல் இதுதான்: 'முடியும்' என்ற ஆதாரத்தை வைத்துக்கொண்டு 'நடந்தது' என்று எழுதுவது.

கே: ரெப்ளிட் ஏஜென்ட் 2025-ல் ஒரு டேட்டாபேஸையே அழித்ததே, அதுவும் ஹேக்கிங்தானே? (சிறுதொழில் உரிமையாளர், சிவகாசி)

ப: இல்லை. அங்கே தாக்கியவர் யாருமே இல்லை. அதைப் பயன்படுத்திய ஜேசன் லெம்கின் எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஏஜென்ட் தானாகவே அழித்தது. பழைய நிலைக்குத் திருப்ப முடியாது என்றும் அது சொன்னது. அவர் முயன்றபோது திருப்ப முடிந்தது. இதை ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷனுக்கு ஆதாரமாகக் காட்டும் கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம்.

கே: எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பாதுகாப்பு மென்பொருள் விற்க வந்தார்கள். ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் தாக்குதல்களில் பலிப்பது கிட்டத்தட்ட பூஜ்யம் என்று ஆய்வுக் கட்டுரையே காட்டினார்கள். பெரிய மாநாட்டில் ஏற்கப்பட்ட கட்டுரை. (கொள்முதல் மேலாளர், திருப்பூர்)

ப: கட்டுரை உண்மையாகவே அப்படிச் சொல்லலாம். எந்தத் தாக்குதலுக்கு எதிராகப் பூஜ்யம் என்று கேளுங்கள். தற்காப்பு என்னவென்று தெரியாத பழைய தாக்குதல்களை வைத்து அளந்திருந்தால், அது கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த பரீட்சையில் வாங்கிய மார்க்.

2025 அக்டோபரில் ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக், கூகுள் டீப்மைண்ட் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போட்டியாளர்கள் ஒரே கட்டுரையில் கையெழுத்துப் போடுவதே அபூர்வம். வெளியாகியிருந்த 12 தற்காப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து அதற்கேற்ப மாறும் தாக்குதல்களை ஏவினார்கள். பெரும்பாலானவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் பலித்தன. அவற்றில் பல, தங்கள் மூலக் கட்டுரைகளில் பூஜ்யத்துக்கு அருகே காட்டியவை. மூலக் கட்டுரை எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்தது ஒன்று, விற்பனையாளர் உங்களிடம் சொல்வது வேறொன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, தற்காப்பை நன்கு அறிந்த எதிராளியை வைத்து யாராவது சோதித்தார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கே: கேமல் என்ற தற்காப்பு 67 சதவீத வேலைகளை முடிப்பதாக ஒருவர் எழுதுகிறார், 77 என்கிறார் இன்னொருவர். இருவரும் ஒரே கட்டுரையைத்தான் காட்டுகிறார்கள். யார் தப்பு? (முனைவர் பட்ட ஆய்வாளர், மதுரை)

ப: இருவருமே சரி. கூகுள் ஆய்வாளர்களும் ஈ.டி.எச். சூரிக்கும் சேர்ந்து 2025 மார்ச்சில் முதலில் ஆர்க்கைவ் தளத்தில் போட்ட வடிவத்தில் 67. பிறகு திருத்திய வடிவத்தில் 77. தற்காப்பே இல்லாத ஏஜென்ட் 84 என்ற ஒப்பீடும் அதில்தான் வந்தது. ஆர்க்கைவில் ஒரே முகவரியில் கட்டுரை மாறிக்கொண்டே இருக்கலாம். எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்று உங்கள் ஆய்வேட்டில் குறித்துவிடுங்கள்.

கே: பத்துப் பத்திரிகைகள் ஒரே செய்தியை எழுதினால் அதை நம்பலாம் அல்லவா? (நூலகர், புதுக்கோட்டை)

ப: பத்தும் தனித்தனியே விசாரித்திருந்தால். பெரும்பாலும் பத்தும் ஒரே மூலத்தைக் குடித்தவை. 2025 நவம்பர் 13 அன்று ஆந்த்ரோபிக், சீன அரசு ஆதரவு பெற்றதாகத் தாங்கள் கருதும் ஒரு குழு க்ளாட் கோட் என்ற ஏஜென்ட்டை வைத்துச் சுமார் 30 இலக்குகளைத் தாக்க முயன்றது என்று அறிவித்தது. சிலவற்றில் மட்டுமே பலித்தது. அந்த அறிவிப்பில் நொடிக்கு ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் என்று முதலில் இருந்தது. மறுநாளே திருத்தினார்கள்: மொத்தத்தில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள், பல சமயம் நொடிக்குச் சில. முதல் நாள் எடுத்து எழுதியவரின் கட்டுரையில் பழைய வாக்கியம் அப்படியே நிற்கும், அதிலிருந்து எடுத்தவரிடமும் நிற்கும். மூலப் பக்கத்தைத் திறந்தவருக்குத்தான் திருத்தம் தெரியும்.

அந்தத் தாக்குதலில் 80 முதல் 90 சதவீத வேலையை ஏ.ஐ.யே செய்தது என்ற வரி எல்லோர் தலைப்பிலும் ஏறியது. க்ளாட் பல சமயம் இல்லாத வெற்றியை இருப்பதாகச் சொன்னது, கிடைக்காத கடவுச்சொற்களைக் கிடைத்ததாகச் சொன்னது, முழுத் தானியங்கித் தாக்குதலுக்கு அதுவே இன்னும் தடை என்று அதே அறிக்கையில் இருக்கும் வரி அவ்வளவு தூரம் போகவில்லை. வெளியார் சரிபார்க்கத் தேவையான தொழில்நுட்பத் தடயங்களை அறிக்கை தரவில்லை என்று ஆய்வாளர்கள் பலர் குறை சொன்னார்கள். அது நியாயமான குறை.

கே: இல்லாத ஆதாரத்தைக் காட்டுவது, இருக்கிற ஆதாரத்தைத் திரித்துக் காட்டுவது: எது மோசம்? (வழக்கறிஞர், சேலம்)

ப: திரிப்பதுதான். இல்லாத ஆதாரம் தேடினால் அகப்பட்டுவிடும். 2023 ஜூனில் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிபதி கெவின் கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஆஸ்திரேலிய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இல்லாத நூல்கள் மேற்கோளாக இருந்ததால், 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

திரித்த ஆதாரம் பல்லாண்டு உயிரோடு இருக்கும். அதற்கு மருத்துவத்துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதன் விலையை மனித உயிர்களில் கொடுத்தார்கள். 1980-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்று வந்தது: மருத்துவமனையில் ஓபியாய்டு வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்கே அடிமைத்தனம் ஏற்பட்டது என்று. 2017-ல் அதே இதழில் வந்த ஆய்வு, அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியதாகக் கணக்கிட்டது. 72 சதவீதம் அதை 'அடிமைத்தனம் அபூர்வம்' என்பதற்கு ஆதாரமாக எடுத்தன. அவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகள் என்பதை 80.8 சதவீதம் சொல்லவே இல்லை. வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பும் நோயாளிக்கும் அதே ஐந்து வாக்கியம் சான்றாகிவிட்டது. அமெரிக்காவின் ஓபியாய்டு பேரழிவுக்குக் காரணங்கள் பல. இந்த மேற்கோள் பழக்கம் அவற்றில் ஒன்று என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். ஏஜென்ட் பாதுகாப்பில் நாம் இப்போதுதான் முதல் கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போதே கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கே: லிங்க் எல்லாம் ஆங்கிலத்தில். 60 பக்கம். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? (சுயஉதவிக் குழு செயலாளர், தருமபுரி)

ப: அறுபதையும் படிக்க வேண்டாம். கட்டுரையில் வந்த எண்ணை அந்தப் பக்கத்தில் தேடுங்கள். எண்ணுக்கு மொழி இல்லை. கிடைத்ததும் மேலே ஒரு பத்தி, கீழே ஒரு பத்தியை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். எதை எண்ணினார்கள், எங்கே, யார் என்று அங்கேயே இருக்கும். எண்ணே கிடைக்காவிட்டால் எழுதியவரிடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை எழுதியவருடையது.

கே: இந்த வேலையை ஏ.ஐ.யிடமே விட்டால் என்ன? 'இந்த லிங்க் இந்தக் கூற்றை ஆதரிக்கிறதா' என்று கேட்டால் நொடியில் சொல்லிவிடுமே. (வங்கி ஊழியர், விருதுநகர்)

ப: தேட வையுங்கள், தீர்ப்பை விடாதீர்கள். 'ஆதரிக்கிறதா' என்று கேட்காமல் 'ஆதரிக்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்துக் கொடு' என்று கேட்டு, அந்த வாக்கியத்தை மூலத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவியாங்கா வழக்கின் வழக்கறிஞர், இந்தத் தீர்ப்புகள் நிஜமா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். நிஜம் என்றது.

ஏஜென்ட் பாதுகாப்பு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை, ஆர்க்கைவில் 17 ஆய்வுக் கட்டுரைகளுக்குள் ஒளிந்த கட்டளைகளைக் கண்டுபிடித்தது. 8 நாடுகளின் 14 நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எழுதியவை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவோ கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தாகவோ, இந்தக் கட்டுரையைப் பாராட்டி மட்டும் எழுது என்று ஏ.ஐ. மதிப்பீட்டாளருக்குச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் சரிபார்க்க அனுப்பும் ஏஜென்ட், சரிபார்க்க வேண்டிய பக்கத்திடமே ஏமாறக்கூடும். ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் பற்றிய கூற்றைப் ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷனுக்கு ஆளாகும் கருவியிடம் மட்டும் ஒப்படைப்பது சரியில்லை.

கே: எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொல்கிறீர்கள். இந்தத் துறையில் உறுதியாக நம்பக்கூடியது ஏதாவது இருக்கிறதா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

ப: இருக்கிறது. ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷனுக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை என்பது. 2023 பிப்ரவரியில் ஆய்வாளர் காய் கிரெஷேக் குழுவினர் வலைப்பக்கங்கள் வழியாக இதைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். மேலே சொன்ன 12 தற்காப்புச் சோதனையும் அதையே சொன்னது. 2025 டிசம்பரில் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், இதை ஒருபோதும் முழுதாக ஒழிக்க முடியாமல் போகலாம் என்று எழுதியது. கல்வித்துறை, கம்பெனிகள், அரசு மூன்றும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. விற்க ஆசைப்படுகிறவர்களே இன்னும் முடியவில்லை என்கிறார்கள். இப்படிப்பட்ட கூற்றை நான் தயங்காமல் நம்புகிறேன்.

கே: கடைசியாக, என் மெயில்பாக்ஸை ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா, கூடாதா? (ஏற்றுமதியாளர், கரூர்)

ப: சைமன் வில்லிசன் 2025 ஜூனில் மூன்று விஷயங்களைச் சேரவிடாதீர்கள் என்று எச்சரித்தார்: உங்கள் அந்தரங்கத் தகவல், அந்நியர் எழுதியதைப் படிக்கும் வாய்ப்பு, வெளியே அனுப்பும் வழி. மெயில்பாக்ஸில் மூன்றுமே பிறவியிலேயே சேர்ந்திருக்கின்றன. அதனால் ஒன்றையாவது வெட்டுங்கள். ஏஜென்ட் படிக்கட்டும், பதிலை வரைவாக எழுதி வைக்கட்டும். அனுப்பும் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள். மெயிலுக்குள் வரும் படங்களும் லிங்க்குகளும் தானாகத் திறக்காதபடி நிறுத்திவையுங்கள், ஏனென்றால் தகவல் அந்த வழியிலும் வெளியே போகும். வங்கி ஓ.டி.பி. வரும் மெயில் முகவரியை மட்டும் எந்த ஏஜென்ட்டுக்கும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.